வயர் எட்டும் தூரம்

கே.ஜி.கண்டிகை,
வியாழக்கிழமை

அன்பு மகன் நேசகுமாருக்கு,

அம்மா மார்த்தாள் எழுதுவது. ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், மிஷன் போர்டிங்கில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நீ கூப்பிட்டால் உன் நைனா ஸ்பீக்கரைப் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுவார். உன் தங்கை ப்ளெஸ்ஸியின் போனை வாங்கித் தனியாகப் பேசலாம் என்றால், இது அவளுக்கும் தெரியக்கூடாத விஷயம். அதனால்தான் உன் பக்கத்திலேயே வேலை பார்க்கிற நம் ஊர் ஜெயப்பிரகாஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறான். திங்கட்கிழமை உன் கேம்ப்புக்கு வந்து கொடுத்துவிடுவான். படித்ததும் கிழித்துப் போடு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையே தொலைத்தவன் நீ, பத்திரமாக வைக்கிறேன் என்று எங்கேயாவது வைத்துவிடாதே.

விஷயம் அந்த மரம் அறுக்கிற மிஷின்தான். நீ வளைகுடாவில், சோஹாரில் உட்கார்ந்துகொண்டு அனுப்புகிற வீடியோ எல்லாவற்றையும் உன் நைனா பாடம் பண்ணிவிட்டார். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும், செயின் எவ்வளவு தொய்வாக இருக்கலாம், பிளேடு பதினாறு அங்குலமா பதினெட்டா என்று சபையில் யாரைப் பார்த்தாலும் பிடித்துவைத்துக்கொண்டு பேசுகிறார். போதகர் ஐயர் அன்றைக்குப் பிரசங்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு செயின் ஆயில் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், பாவம். நீ மெக்கானிக், நீ சொன்னால் அது வேதவாக்கு. மகன் நல்ல மிஷினாகப் பார்த்துச் சொல்கிறான் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

உனக்குச் சொல்லமாட்டேன் என்று அவர் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இப்போது அதை மீறுகிறேன். உன் நைனாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது.

கீழே விழுந்து நுரை தள்ளுகிற வலிப்பு இல்லை. முதலில் நான் பார்த்தது ஆவணி மாசத்தில், கோவிலில். ஆராதனைக்கு மணி அடிக்கப் போனவர் மூன்று அடி அடித்தார், அப்புறம் சத்தத்தைக் காணோம். போய்ப் பார்த்தால் கயிற்றைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாய் எதையோ மெல்லுகிறது. கூப்பிட்டேன், காதில் ஏறவில்லை. கயிற்றிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன். நேசா, அந்த விரல்களை என்னால் பிரிக்க முடியவில்லை. பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா இங்க வந்து நிக்கிற? மணி அடிச்சிட்டேனா?" என்று கேட்டார். அடித்துவிட்டீர்கள் என்று சொன்னேன்.

திருத்தணியில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சித்தூருக்கு பஸ் ஏறினோம். இதுவும் வலிப்பில் ஒரு வகை என்றார் டாக்டர். இரண்டு வேளையும் மாத்திரை, தவறக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது, கிணற்றடியில் நிற்கக்கூடாது, ஓடுகிற மிஷின் பக்கம் போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் உன் நைனா. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "பிள்ளைங்க கிட்ட மூச்சு வுடாத. ப்ளெஸ்ஸிக்கு கோவில்ல மூணு ஞாயிறும் கல்யாண ஓலை வாசிச்சி முடியட்டும். வலிப்புக்காரன் பொண்ணுன்னு ஒரு பேச்சு வந்தா அவளை எவன் கட்டுவான்?" என்றார். நானும் சரி என்றேன். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

நிச்சயதார்த்தத்து அன்றைக்கு நீ வீடியோ காலில் பார்த்தாயே, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோமே. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது வந்து போனது. சம்பந்தி காலேப்போடு பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா பெபிக்குக் கண் கூர்மை. "சம்பந்திக்கு உடம்பு நல்லாத்தான கீது? பேசிக்கினே இருந்தவர் நின்னுட்டாரே?" என்று கேட்டுவிட்டாள். ப்ளெஸ்ஸி குறுக்கே புகுந்து, "நைனாவுக்கா? இதுவரைக்கும் ஒரு காய்ச்சல் கூட வந்ததில்ல அத்தே" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உடனே உன் நைனா மார்பைத் தட்டிக்கொண்டு, "கல்யாண சமையலுக்கு விறகு பூரா நானே அறுத்துப் போடறேன், ஆள் வெக்க மாட்டேன், பாருங்க" என்று சொல்லிவிட்டார். மிஷின் கதை ஆரம்பித்தது அங்கேதான். விறகு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் மகனே. அவருக்கு விறகு வேண்டாம், அறுக்கிறதை ஆர்.கே.பேட்டை சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும்.

முதலில் கோடாலியால்தான் பார்த்தார். போன மழையில் சாய்ந்த புளியமரம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறதே, அதில் நாலு கிளை வெட்டினார். ஐந்தாவது கிளைக்குக் கோடாலியைத் தூக்கினவர் தூக்கினபடியே நின்றார். தலைக்கு மேலே கோடாலி. நான் வைக்கோல் கையோடு நின்றேன். கிட்டப் போகவும் பயம், கூப்பிடவும் பயம். பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே நின்றேன். முடிவதற்குள் கையை இறக்கிவிட்டார். மறுநாள் காலையில், கோடாலி இந்தக் காலத்துக்கு ஒத்துவராது, மிஷின்தான் சரி என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் திருத்தணிக்கு அவரோடு நானும் கடைக்குப் போனேன். அரக்கோணம் ரோட்டில் களை எடுக்கிற மிஷின், மருந்தடிக்கிற மிஷின் எல்லாம் விற்கிறார் சுந்தரமூர்த்தி என்று ஒருத்தர். பொறுமையான மனுஷன். விலை குறைந்த பெட்ரோல் மிஷின் ஒன்று காட்டினார். பளபளப்பாக இருக்கும், நாலு மாசத்தில் செயின் தொய்ந்துபோகும், ஸ்பேர் கிடைக்காது என்று அவரே சொன்னார். இன்னொன்று நல்ல கம்பெனி, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. கடைக்கு வெளியே ஒரு கட்டையை அறுத்துக் காட்டினார். மரத்தில் பல் பிடித்ததும் சத்தம் இறங்கியது, கட்டை துண்டானதும் ஏறியது. உன் நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "ஆபத்து இல்லையா அண்ணே?" என்று கேட்டேன். "ஒன்னும் ஆவாதுக்கா. கைய வுட்டா செயின் நின்னுடும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நான் உன் நைனாவின் விரல்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் கை விட்டுவிடும். இவருக்கு விடாதே. கயிற்றைப் பிடித்த மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டுதானே நிற்பார். அதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வேன்?

அப்போதுதான் அலமாரியில் இன்னொன்றைப் பார்த்தேன். கரண்ட் மிஷின். சுந்தரமூர்த்தி, "வூட்டு விறகுக்கு இதுவே போதும். புகை இல்ல, எடை இல்ல. வயர் எட்ற தூரம்தான் போவும், அது ஒன்னுதான் கொறை" என்றார். அவர் குறை என்று சொன்னதுதான் எனக்கு வேண்டியது. பிளக் பாயிண்ட் சமையல் கட்டுப் பின்வாசலில் இருக்கிறது. வயர் நீளம் கொட்டகையைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் வரும், அதற்கு மேலே ஓர் அடி வராது. நான் பிளக்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் ஏறி இறங்கினால் அவர் வேலை செய்கிறார். ஒரே மாதிரி நின்றால் பிடுங்கிவிடுவேன். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், நம் ஊரில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

உன் நைனாவுக்கு அது பொம்மை மாதிரி தெரிகிறது. ஏரிப்பக்கத்து நிலத்தில் வேலிகாத்தான் முள் மண்டிக்கிடக்கிறது, அங்கே கரண்டுக்கு எங்கே போவது என்று கேட்கிறார். பெட்ரோல் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போகிற யோசனை. வருகிற புதன்கிழமை வாங்கிவிடுவாராம். ஆகவே நீ செவ்வாய்க்கிழமைக்குள் போன் செய். பெட்ரோல் வேண்டாம், கரண்ட் மிஷின்தான் உழைக்கும், நான் விசாரித்தேன் என்று சொல். ஸ்பீக்கரில் நான் குறுக்கே பாய்ந்து, பெட்ரோல்தான் கெத்து என்று சண்டை போடுவேன். அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான். நீ மசியாதே.

சனிக்கிழமை, காலை

நேற்று வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்பதை மறந்துவிட்டேன். நீயே கூப்பிட்டாய். "பெட்ரோல் மிஷினே வாங்கு நைனா, நிக்காம ஓடும், நான் கேரண்டி" என்று சொன்னாய். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்துப் பேசினால் அவருக்குச் சந்தேகம் வருமே என்று, "ஆங், அதான் நல்லது" என்று என் வாயாலேயே சொன்னேன்.

மாத்திரை விஷயமும் எழுதிவிடுகிறேன். காலையில் அரிசி டிரம்மில் கைவிட்டால் பட்டை பட்டையாக மாத்திரை வருகிறது. பதினெட்டு நாள் மாத்திரை. சாப்பிட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது, மணி அடிக்கப் போகையில் தள்ளாடினால் குடித்திருக்கிறேன் என்பார்கள் என்று சொல்கிறார். நான் கத்தினேன். ப்ளெஸ்ஸி என்னம்மா என்று ஓடிவந்தாள். அரிசியில் வண்டு என்றேன்.

இன்றைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம். காலேப் போன் செய்தார். "எதுக்கு சம்பந்தி புச்சா வாங்கணும்? என் பெட்ரோல் மிஷின் சும்மாதான் கீது. எடுத்தாறேன், உங்க கை வேலைய நாங்களும் பாக்கறோம்" என்றாராம். உன் நைனா வெள்ளை வேட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கொட்டகைக்கும் நடக்கிறார். நாளைக்கு மூன்றாவது ஓலை. ஒரே ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும் என்று எனக்கும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாகவும் இருக்கிறது. போன இரண்டு ஞாயிறும் ஐயர் பெயர்களை வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சபையைப் பார்க்கும்போது, அவர் என்னை மட்டும் பார்க்கிற மாதிரி இருந்தது.

வண்டிச் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

ஞாயிறு, பிற்பகல்

நேசா, நேற்று நடந்ததை உனக்கு யாராவது போனில் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். ப்ளெஸ்ஸி தன் போனை அணைத்து வைத்துவிட்டாள்.

காலேப், பெபி, மாப்பிள்ளை எழிலன் மூன்று பேரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். பெபி எனக்கு மல்லிகைப்பூ கொண்டுவந்திருந்தாள். ஆண்கள் மிஷினை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் போனார்கள். கொட்டகை மறைக்கிறது, சமையல் கட்டிலிருந்து எதுவும் தெரியாது. பெபியும் பின்னாலேயே போய் நின்றுகொண்டாள். நான் டீ கொடுத்துவிட்டு வந்து வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தேன்.

மிஷின் ஒரே இழுப்பில் ஓடியது. கொஞ்ச நேரம் சத்தம் ஏறி இறங்கியது, எல்லோரும் பேசினார்கள், காலேப் சிரித்தார். நின்றது. மறுபடியும் ஓடியது. இந்த முறை ஏறவில்லை, இறங்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. நான் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். ஆமென் வரைக்கும் வந்துவிட்டேன், சத்தம் மாறவில்லை. மாவுக் கையோடு ஓடினேன். ஓடும்போதே கத்தினேன். "அவருக்கு வலிப்பு கீது! மிஷின புடுங்குங்க! யாராச்சும் புடுங்குங்க!"

உன் நைனா நன்றாக இருந்தார். மிஷினைத் தரையில் வைத்து, கைப்பிடியை மிதித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக நின்றிருந்தார். காலேப் அவரிடம், "கொஞ்சம் சும்மா ஓடட்டும், சூடாவட்டும்" என்று சொல்லியிருந்தாராம். அவ்வளவுதான் விஷயம். என் புருஷன் என்னைப் பார்த்தார். குனிந்து மிஷினை அணைத்தார்.

பெபி டீ டம்ளரைக் கொட்டகைச் சுவர்மேல் வைத்தாள். நிச்சயத்தன்று கேட்டேனே என்று ஒரு வார்த்தை கூட அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். காலேப்தான் வண்டியில் ஏறும்போது, "வியாதி யாருக்குத்தான் இல்ல. மறைச்சீங்களே, அதான்" என்றார். எழிலன் ப்ளெஸ்ஸியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவசரத்தில் மிஷினை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ப்ளெஸ்ஸி அழவில்லை. "அத்தே கேட்டப்ப இல்லன்னு நான்தானேம்மா சொன்னேன். என்னை ஏன் பொய்க்காரி ஆக்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலையில் உன் நைனா மணி அடித்தார். ஒரு அடி தவறவில்லை, இவ்வளவு அழகாக அடித்து நான் கேட்டதே இல்லை. ஐயர் ஓலை வாசித்தார். வேறு ஒரு ஜோடியின் பெயரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். காலேப் ராத்திரியே போன் செய்து நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டாராம். சபையில் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூடப் பரவாயில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்வேன், இருபத்தொன்பது வருஷமாகத் திருப்பித் திட்டியும் பழக்கம். நன்றாகச் சாப்பிட்டார், குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். மிச்சமிருந்த மாத்திரையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "இனிமே நீயே வெச்சிக்க" என்றார். பிறகு அந்த மிஷினுக்குப் பெட்ரோல் ஊற்றினார், செயினுக்கு ஆயில் விட்டார், நீ வீடியோவில் காட்டினபடி ஒவ்வொன்றாக. கல்யாணமே நின்றுகிடக்கிறது, விறகு எதற்கு என்று கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சி போச்சி. இனிமே எனக்கு இன்னா பயம்?" என்றார். தோளில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கத்து நிலத்துக்குக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன். "நீ வந்தின்னா நான் இன்னும் தூரமா போவேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நின்றுவிட்டேன்.

ப்ளெஸ்ஸியை அனுப்பியிருக்கிறேன். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மாதிரி ஏரிக்கரையில் தூரமாக நில் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நிற்கிற இடத்திலிருந்து முள்மரங்களுக்கு நடுவில் என்ன தெரியுமோ. நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். சத்தம் இங்கே வரைக்கும் வருகிறது. ஏறுகிறது, இறங்குகிறது. ஏறி இறங்குகிற வரைக்கும் எழுதலாம்.

உன்மேல் எனக்குக் குறை இல்லை மகனே. நீ நல்ல மிஷினைத்தான் சொன்னாய். காலேப்பின் மிஷினும் அதே ரகம்தான், தானாக நின்று நான் பார்த்ததில்லை. நீ இனிமேல் இரண்டு காரியம் செய். முதலாவது, இந்த வயர் மிஷினை எப்படியாவது அவரை வாங்க வை. நான் முதலில் எழுதின பொய்யெல்லாம் இனி வேண்டாம். நைனா, எனக்காக அம்மா கண்ணெதிரே வேலை செய் என்று நேராகவே கேள். நான் சொன்னால் அவமானம், நீ சொன்னால் பாசம். வயர் எட்டுகிற தூரத்துக்குள் அவர் இருந்தால் எனக்குப் போதும், வேறு எதையும் நான் கேட்கவில்லை.

இரண்டாவது, அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் அவருக்குப் போன் செய். சட்டைப் பையில்தான் போன் இருக்கும், மேலே படுகிற அதிர்விலேயே தெரிந்துகொள்வார். உன் போனை அவர் எடுக்காமல் விட்டதே கிடையாது. எடுக்க வேண்டுமென்றால் மிஷினை அணைத்துத்தான் ஆக வேண்டும். வேலையைப் பற்றிப் பேசு, சாப்பாட்டைப் பற்றிப் பேசு, எதையாவது கேட்டுக்கொண்டே இரு. நீ பேசுகிற நேரத்துக்கு நான் மூச்சு விடுவேன்.

ஜெயப்பிரகாஷ் வந்து வாசலில் நிற்கிறான். அவன் அம்மா உனக்கும் சேர்த்து முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாள், பங்கு கேட்டு வாங்கிக்கொள்.

கொஞ்ச நேரமாகச் சத்தம் ஒரே மாதிரி வருகிறது. சூடாகட்டும் என்று விட்டிருப்பார். நேற்றும் இப்படித்தானே இருந்தது. நேற்று ஓடிப்போய் என் பிள்ளையின் கல்யாணத்தை நிறுத்தினேன். இன்றைக்கும் நான் ஓடிப்போய் நிற்க, அவர் சும்மா நின்றுகொண்டிருந்தால், அப்புறம் இந்த வீட்டில் அவர் தலை நிமிராது. ஜெபத்தை ஒரு தடவை முடித்துவிட்டேன். இரண்டாவது தடவை பாதியில் இருக்கிறேன்.

ப்ளெஸ்ஸி கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஆட்டைக் கூப்பிடுகிறாளோ என்னவோ.

எழுந்துவிட்டேன் மகனே. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார். அவருக்குப் போன் செய். அவர் எடுக்கிற வரைக்கும் செய்.

உன் அம்மா,
மார்த்தாள்